ரெக்டிஃபையர் ரீடிங் உதைக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரை அளக்கும்போது கணக்கு உதைத்தால், பல நேரம் கெட்டுப்போயிருப்பது ரெக்டிஃபையர் அல்ல. நாம் ஒன்றைக் கேட்க, மீட்டர் வேறொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் தெரியும் எண் சராசரியா, ஆர்எம்எஸ்ஸா (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்), உச்சமா, டிசியைச் சேர்த்ததா விட்டதா என்பது மீட்டருக்கு மீட்டர் வேறுபடும். சைன் அலையில் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று மாறாத விகிதத்தில் இருப்பதால் எந்த மீட்டரை எடுத்தாலும் தப்பித்துவிடலாம். ரெக்டிஃபையரின் வெளியீட்டில் சைன் அலை கிடையாது, உள்ளே போகும் கரண்டும் சைன் அலை கிடையாது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் சர்க்யூட்டை. எல்லாக் கணக்கும் 50 ஹெர்ட்ஸ் சப்ளைக்கு. 60 ஹெர்ட்ஸ் என்றால் அலைவெண்களை 1.2ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை வைத்ததும் பிரேக்கர் விழுகிறது

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதுதான் முதலில். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே மெயின்ஸில் ஓடும் பிரிட்ஜில் (டையோடுகளைப் பாலம்போல இணைத்த ரெக்டிஃபையரில்), டிசி பக்கத்து மைனஸ் முனை எர்த் அல்ல. சுற்றின் ஒரு பாதியில் அது டையோடு வழியாக லைன் வயரோடு சேர்ந்துவிடும். 230 வோல்ட் சப்ளையில் நியூட்ரலுக்குக் கீழே 325 வோல்ட் வரை போய் வரும். ஸ்கோப்பின் (ஆசிலோஸ்கோப்பின்) கிளிப்போ மூன்று பின் பிளக் வழியாக எர்த்தில் இருக்கிறது. அதை மைனஸில் வைத்தால் லைனும் எர்த்தும் டையோடு வழியாக ஷார்ட். பிரேக்கர் மட்டும் விழுந்தால் அதிர்ஷ்டம்.

பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டு ஸ்கோப்பை மிதக்க விடுவது பலருக்குத் தெரிந்த வழி. தயவுசெய்து வேண்டாம். ஸ்கோப்பின் உலோகப் பாகங்கள் எல்லாம் அந்த மைனஸ் முனையின் வோல்ட்டேஜுக்குப் போய்விடும், அடுத்து அதைத் தொடப்போவது நீங்கள்தான். மெயின்ஸுக்கு ஏற்ற பாதுகாப்புக் கேட்டகரி கொண்ட டிஃபரென்ஷியல் புரோப்தான் சரியான கருவி. அது கைவசம் இல்லையென்றால், வோல்ட்டேஜ் வரம்பு போதுமான இரண்டு புரோப்களை இரு முனைகளிலும் வைத்து, எர்த் கிளிப்புகளைச் சர்க்யூட்டில் எங்கும் மாட்டாமல், ஸ்கோப்பில் ஒரு சேனலிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். பெரிய அலைவடிவத்துக்கு இது போதும். சின்ன ரிப்பிள் (டிசியின் மேல் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) இதில் தெரியாது.

## டிசி வோல்ட்டேஜ் எதிர்பார்த்தபடி இல்லை

கெப்பாசிட்டர் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் கேளுங்கள். எதிர்பார்ப்பே அதைப் பொறுத்துத்தான். கெப்பாசிட்டர் இல்லாமல் ரெசிஸ்டர் லோடு மட்டும் இருந்தால், ஹாஃப் வேவ் சர்க்யூட்டில் ஏசி ஆர்எம்எஸ்ஸின் 0.45 மடங்கும், சிங்கிள் ஃபேஸ் பிரிட்ஜில் 0.9 மடங்கும், த்ரீ ஃபேஸ் பிரிட்ஜில் லைன் வோல்ட்டேஜின் 1.35 மடங்கும் வரவேண்டும். அதாவது 230 வோல்ட்டுக்கு 207, மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டுக்கு 540. கெப்பாசிட்டர் இருந்து லோடு இல்லாவிட்டால் உச்ச மதிப்பு அப்படியே நிற்கும்: 325 வோல்ட், 566 வோல்ட். லோடு ஏற ஏற இது இறங்கும்.

கெப்பாசிட்டர் உள்ள சர்க்யூட்டில் ஒரு மோசமான ஏமாற்று வேலை நடக்கும். ஒரு டையோடு ஓப்பனாகிப் போனாலும், ஏன், ஒரு ஃபேஸே இல்லாமல் போனாலும், லோடு இல்லாதபோது மீட்டர் அதே 325ஐயோ 566ஐயோ காட்டும். கெப்பாசிட்டரை நிரப்ப மிச்சமிருக்கும் துடிப்புகளே போதும். ஆகவே டிசி வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது என்பதை லோடு போடாமல் சொல்லக் கூடாது.

கெப்பாசிட்டர் இல்லாத சர்க்யூட்டில், லோடு போட்ட பிறகு பாதியாக இறங்குகிறதா? 207 வரவேண்டிய இடத்தில் 103 வந்தால் பிரிட்ஜ் ஹாஃப் வேவாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு டையோடு ஓப்பன். மூன்று ஃபேஸில் 540க்குப் பதிலாக 360 என்றால் ஒரு ஃபேஸ் ஃபியூஸ் போயிருக்கிறது, 400இன் 0.9 மடங்கு அது. தைரிஸ்டர் (நாம் சொல்லும் நேரத்தில் ஆன் ஆகும் டையோடு போன்றது) பிரிட்ஜில் தொடர்ந்து கரண்ட் ஓடும் நிலையில் இந்த எண்களை ஃபயரிங் கோணத்தின் (ஆன் ஆவதைத் தாமதிக்கும் கோணத்தின்) கொசைனால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 60 டிகிரியில் பாதிதான் வரும், அது பழுதல்ல.

பாதியாகவும் இல்லை, சில சதவீதம்தான் குறைகிறது என்றால் மூன்று காரணங்கள் பொதுவானவை. டையோடு டிராப் முதலாவது: பிரிட்ஜில் எப்போதும் இரண்டு டையோடுகள் தொடராக இருப்பதால் சுமார் 1.4 வோல்ட் போய்விடும். 325இல் இதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை, 12 வோல்ட் செகண்டரியில் இது பெரிய பங்கு. இரண்டாவது, சப்ளையின் உச்சி தட்டையாகிப் போயிருப்பது. ஒரே லைனில் கெப்பாசிட்டர் வடிகட்டி உள்ள கருவிகள் நிறைய ஓடினால், எல்லாமே உச்சியில்தான் கரண்ட் இழுக்கும், உச்சி மழுங்கிவிடும். ஆர்எம்எஸ் 230 என்றே இருக்கும், உச்சம் 325க்குக் கீழே இருக்கும். உச்சத்தை ஆர்எம்எஸ்ஸால் வகுத்து, 1.41க்குக் குறைந்தால் இதுதான் என்று முடிவு செய்யலாம்.

மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சப்ளையில் இண்டக்டன்ஸ் இருந்தால் கரண்ட் ஒரு டையோடிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவ முடியாது. கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து ஓடும், அந்த நேரத்தில் வெளியீடு குறையும். லோடு பக்கம் பெரிய சோக் (இண்டக்டர்) இருக்கும் மூன்று ஃபேஸ் பிரிட்ஜில் இந்தக் குறைவு, ஒரு ஃபேஸின் ரியாக்டன்ஸையும் டிசி கரண்டையும் பெருக்கி 0.955ஆல் பெருக்கினால் கிடைக்கும். 0.1 ஓம், 100 ஆம்பியர் என்றால் 9.5 வோல்ட். சிங்கிள் ஃபேஸ் பிரிட்ஜில் 0.955க்குப் பதில் 0.637. இந்த 9.5 வோல்ட் எங்கேயும் சூடாகப் போவதில்லை. ஆகவே "இத்தனை வோல்ட் குறைகிறதே, எது சுடுகிறது?" என்று கைவைத்துத் தேடிப் பயனில்லை.

## இரண்டு மீட்டர்கள் ஏசி கரண்டை வெவ்வேறாகக் காட்டுகின்றன

ஒன்று ட்ரூ ஆர்எம்எஸ், மற்றது சராசரியை அளந்து 1.11ஆல் பெருக்கிக் காட்டும் விலை குறைந்த ரகம். இரண்டாவது மீட்டர் பொய் சொல்லவில்லை. "இது சைன் அலையாக இருந்தால் ஆர்எம்எஸ் இவ்வளவு" என்கிறது. அந்த "இருந்தால்" திரையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். கெப்பாசிட்டர் பிரிட்ஜ் ஒவ்வொரு 10 மில்லி செகண்டிலும் ஒரு குறுகிய கரண்ட் துடிப்பை இழுக்கிறது. அது அரை சைன் வடிவத்துக்கு நெருக்கமானது என்று கொண்டால், சராசரி மீட்டர் காட்டுவது உண்மையான ஆர்எம்எஸ்ஸில் எத்தனை பங்கு என்பது, துடிப்பின் அகலத்தை 10ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வந்துவிடும். துடிப்பு 2.5 மில்லி செகண்ட் என்றால் கால் பங்கு, அதன் வர்க்கமூலம் அரை. அதாவது 8 ஆம்பியர் ஓடும் வயரில் மீட்டர் 4 என்று காட்டும். வயர் ஏன் சூடாகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல சமயங்களில் விடை இங்கேதான் இருக்கிறது.

உங்கள் மீட்டர் எந்த ரகம் என்று தெரியவில்லையா? சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து, டிசி ஆஃப்செட் இல்லாத ஒரு சதுர அலையை ஏசி வோல்ட் முறையில் கொடுங்கள். உச்சம் 5 வோல்ட் என்றால் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 5 காட்டும், சராசரி மீட்டர் 5.55 காட்டும்.

ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருந்தாலும் எல்லை உண்டு. உச்சத்தை ஆர்எம்எஸ்ஸால் வகுத்த எண்ணுக்கு கிரெஸ்ட் ஃபேக்டர் என்று பெயர். பல மீட்டர்கள் முழு ரேஞ்சில் 3 வரைதான் தாங்கும். கூர்மையான துடிப்பு அதைத் தாண்டினால் உச்சி வெட்டப்பட்டு ரீடிங் குறையும். ஒரு ரேஞ்ச் மேலே போட்டுப் பாருங்கள், ரீடிங் ஏறினால் கீழ் ரேஞ்சில் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஹாஃப் வேவ் சர்க்யூட்டின் கரண்டை சாதாரண ஏசி கிளாம்ப் மீட்டரில் அளக்கவே அளக்காதீர்கள். அதனுள் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர், டிசியைப் பார்க்காது. டிசி பகுதியை விட்டுவிட்டால் மிச்சம் 77% மட்டுமே. அதோடு டிசியால் கோர் சாச்சுரேட் ஆனால் அந்த 77%-உம் நம்பும்படி இருக்காது. ஹால் எஃபெக்ட் கிளாம்ப் வேண்டும், அளக்கும் முன் அதை ஜீரோ செய்ய வேண்டும்.

## ரிப்பிள் ஃபேக்டர் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை

ரிப்பிள் ஃபேக்டர் என்பது வெளியீட்டில் உள்ள ஏசி பகுதியின் ஆர்எம்எஸ்ஸை டிசியால் வகுத்தது. வடிகட்டி இல்லாதபோது ஹாஃப் வேவுக்கு 1.21, ஃபுல் வேவுக்கு 0.48, மூன்று ஃபேஸ் பிரிட்ஜுக்கு 0.042. இவை வராமல் வேறு எண் வந்தால், அந்தத் தவறான விடைகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எண்ணைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஃபுல் வேவ் சர்க்யூட்டில் 1.11 வந்தால், மீட்டர் ஏசியையும் டிசியையும் சேர்த்து அளக்கும் முறையில் இருக்கிறது. நீங்கள் 100 வோல்ட் ரிப்பிளுக்குப் பதிலாக முழு 230ஐ எடுத்து 207ஆல் வகுத்திருக்கிறீர்கள். டிசியை நீக்கும் ஏசி முறைக்கு மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத மீட்டர் என்றால் இரண்டின் வர்க்கங்களையும் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், விடை ஒன்றுதான். 1.2 வந்தால் மீட்டரில் பிழை இல்லை, பிரிட்ஜில் ஒரு டையோடு போய் அது ஹாஃப் வேவாகிவிட்டது. மீட்டரின் இரு முனைகளை மாற்றி வைத்ததும் ஏசி ரீடிங் வெகுவாக மாறினால், அந்த மீட்டர் டிசியைத் தடுக்கவில்லை. தொடராகப் பொருத்தமான வோல்ட்டேஜ் தாங்கும் ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டரைப் போட்டு அளக்க வேண்டும்.

கெப்பாசிட்டர் வடிகட்டிக்குக் கணக்கு வேறு. உச்சியிலிருந்து பள்ளம் வரை ரிப்பிள் என்பது லோடு கரண்டை, ரிப்பிள் அலைவெண்ணையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கிய எண்ணால் வகுத்தது. 1 ஆம்பியர், 100 ஹெர்ட்ஸ், 2200 மைக்ரோஃபாரட் என்றால் 4.5 வோல்ட். முக்கோணத்துக்கு நெருங்கிய வடிவம் என்பதால் ஆர்எம்எஸ் அதை 3.46ஆல் வகுத்தது, சுமார் 1.3 வோல்ட். கெப்பாசிட்டர் முழு 10 மில்லி செகண்டும் காலியாவதில்லை, நடுவில் நிரம்பும் நேரம் உண்டு. ஆகவே நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வருவதே முறை. இந்தக் கணக்கைவிட அதிகமாக வந்தால் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வற்றிவிட்டதா என்று பாருங்கள். நிரம்பத் தொடங்கும் இடத்தில் ரிப்பிள் சரிவாக ஏறாமல் படிபோலக் குதித்தால் அதன் உள்தடை ஏறியிருக்கிறது.

எவ்வளவு ரிப்பிள் என்பதைவிட எந்த அலைவெண்ணில் என்பது அதிகம் சொல்லும். சிங்கிள் ஃபேஸ் பிரிட்ஜ் 100 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் பிரிட்ஜ் 300 ஹெர்ட்ஸ் தர வேண்டும். மூன்று ஃபேஸில் 100 தலைதூக்கினால் ஃபேஸ் வோல்ட்டேஜ்கள் சமமாக இல்லை, அல்லது ஒரு ஃபேஸ் இல்லவே இல்லை. 50 தெரிந்தால் ஒரு டையோடோ தைரிஸ்டரோ வேலை செய்யவில்லை. ஸ்கோப்பில் ஒரு நிமிடம் போதும், பிரிட்ஜைக் கழற்ற வேண்டியதில்லை.

ரிப்பிளின் மேல் ஊசி ஊசியாக நிற்பவை வேறு கதை. டையோடு ஆஃப் ஆகும்போது வரும் ரிவர்ஸ் ரெகவரி ஊசிகள் உண்மையாகவே இருக்கலாம், அல்லது புரோபின் நீண்ட எர்த் வயர் ஏரியல் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். எர்த்தில் வைக்கத் தடையில்லாத சர்க்யூட் என்றால் புரோபின் முனையையும் கிளிப்பையும் வெளியீட்டு மைனஸின் ஒரே புள்ளியில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் வரவேண்டிய இடத்திலும் ஊசி தெரிந்தால் அது காற்றில் வருவது. 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பைப் போட்டு, குட்டை எர்த் ஸ்பிரிங்கை மாட்டுங்கள்.

## புத்தகம் 81% என்கிறது, பவர் மீட்டர் 98% என்கிறது

இது திறன் (எஃபிஷியன்சி) பற்றிய சண்டை, இரண்டும் சரி. பாடப்புத்தகத்தில் ஹாஃப் வேவ், ஃபுல் வேவ், மூன்று ஃபேஸ் பிரிட்ஜுக்கு வரும் 40.5%, 81%, 99.8% என்பவை டிசி வோல்ட்டேஜ், டிசி கரண்ட் இரண்டின் பெருக்கலை லோடில் சேரும் மொத்தப் பவரால் வகுத்தவை. மீதி 19% எரிந்துபோகவில்லை, ரிப்பிளாக லோடுக்கே போகிறது. ஹீட்டருக்கு அதுவும் பவர்தான், பேட்டரிக்குப் பயனில்லாத பவர். பவர் மீட்டர் சொல்லும் 98% உண்மையான இழப்பைப் பற்றியது. எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

100%க்கு மேல் வந்தால் ஏசி பக்கத்துக் கிளாம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, வெளியீட்டில் சோக் இருக்கும்போது ஆர்எம்எஸ் வோல்ட்டையும் ஆர்எம்எஸ் ஆம்பியரையும் பெருக்கிப் பவர் என்று எழுதினீர்களா என்று பாருங்கள், அது வோல்ட்-ஆம்பியர். இன்னொன்றும் உண்டு. 98% திறனில் இழப்பு 2%. ஆளுக்கு 1% பிழையுள்ள இரண்டு மீட்டர்களின் வித்தியாசமாக அந்த 2%-ஐ எடுத்தால், வருவது அளவீடு அல்ல, ஜோசியம். இழப்பு வேண்டுமென்றால் ஹீட் சிங்க்கின் வெப்ப உயர்வை வைத்து, தெரிந்த டிசி பவர் கொடுத்து ஒப்பிடுவது மேல்.

## டிஎச்டி இரண்டு கருவிகளில் இரண்டு விதமாக வருகிறது

டிஎச்டி என்பது ஹார்மோனிக்ஸ், அதாவது சப்ளை அலைவெண்ணின் மடங்குகளில் வரும் அலைகள், எவ்வளவு கலந்திருக்கின்றன என்ற சதவீதம். இதில்தான் அதிகச் சண்டை. கருவிகளைத் திட்டும் முன் நான்கு விஷயங்களைச் சரிபார்க்கலாம்.

வகுக்கும் எண் எது? சில கருவிகள் ஹார்மோனிக்ஸின் மொத்தத்தை அடிப்படை அலையால் (50 ஹெர்ட்ஸ் பகுதியால்) வகுக்கின்றன, சில மொத்த ஆர்எம்எஸ்ஸால். சிதைவு சின்னதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 10%-இல் யாரும் கவனிக்க மாட்டார்கள். கெப்பாசிட்டர் பிரிட்ஜில் முதல் முறை 130% என்று சொல்லும்போது இரண்டாவது 79% என்று சொல்லும். இரண்டாவது முறையில் 100%-ஐத் தாண்டவே முடியாது. ஆகவே எப்போதாவது 100க்கு மேல் காட்டிய கருவி என்றால் அது அடிப்படை அலையால்தான் வகுக்கிறது.

எத்தனையாவது ஹார்மோனிக் வரை கூட்டுகிறது? ஐஇசி 61000-3-2 தரம் 40 வரை பார்க்கிறது. சில கருவிகள் 25இலேயே நின்றுவிடும், சில 50 வரை போகும். இதற்கும் முந்தைய கேள்விக்கும் சேர்த்து மீண்டும் அதே சதுர அலைதான் உதவும். முடிவில்லாமல் கூட்டினால் அதன் டிஎச்டி 48.3%. 40 வரை மட்டும் என்றால் 47.0%. மொத்த ஆர்எம்எஸ்ஸால் வகுக்கும் கருவி 43.5%-ஐ ஒட்டிக் காட்டும். முக்கோண அலை கொடுத்தால் 12.1%. புதிதாக ஒரு கருவி கைக்கு வந்ததும் இந்த இரண்டையும் கொடுத்துப் பார்த்து மேலே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மொத்தத்திலிருந்து அடிப்படையைக் கழித்து மிச்சத்தை எல்லாம் சிதைவு என்று சொல்லும் கருவியா? அப்படியென்றால் இரைச்சலும், ஸ்விட்சிங் ஊசிகளும், சில சமயம் டிசியும்கூட அதில் சேர்ந்துவிடும். சுத்தமான சைன் அலையைக் கொடுத்து எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, லோடு எவ்வளவு? குறைந்த லோடில் சதவீதம் பயமுறுத்தும், ஆம்பியரில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. முழு லோடின் ஐந்தில் ஒரு பங்கில் ஓடும் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 80% டிஎச்டி காட்டினால், முழு லோடு கரண்டோடு ஒப்பிட அது 16%தான். ஐஇஇஇ 519 தரம் கரண்டுக்கு டிஎச்டியைக் கேட்காமல் டிடிடி என்ற அளவைக் கேட்பது இதற்காகத்தான். அதில் வகுக்கும் எண் அதிகபட்சத் தேவை கரண்ட். அதுவும் மின்வாரியத்தோடு சேரும் புள்ளியில் அளப்பது, ஒவ்வொரு டிரைவின் முனையிலும் அல்ல. ஒரு டிரைவை மட்டும் அளந்துவிட்டு "519இல் ஃபெயில்" என்று எழுதும் ரிப்போர்ட்டுகளைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

எதிர்பார்ப்புக்குச் சில எண்கள்: லோடு பக்கம் பெரிய சோக் உள்ள ஆறு துடிப்பு பிரிட்ஜில் (மூன்று ஃபேஸ் பிரிட்ஜில்) 5ஆவது 20%, 7ஆவது 14.3%, 11ஆவது 9.1%, 13ஆவது 7.7%, மொத்தம் 31%. சோக் இல்லாமல் நேரே கெப்பாசிட்டருக்குப் போனால் இதைவிட நன்றாகவே கூடும். அப்படி இரண்டு பிரிட்ஜுகள் சேர்ந்த 12 துடிப்பு அமைப்பில் 5உம் 7உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 15% அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை, 5ஆவது இன்னும் தெரிகிறது என்றால் இரு பிரிட்ஜுகளும் லோடைச் சமமாகப் பகிரவில்லை.

## எஃப்எஃப்டியில் சம்பந்தமில்லாத இடத்தில் கோடுகள்

எஃப்எஃப்டி என்பது அலையை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. அதில் ஹார்மோனிக்ஸுக்கு நடுவே பாவாடை விரித்ததுபோல அடித்தளம் பரந்திருந்தால், எடுத்த நேரத் துண்டுக்குள் முழுச் சுற்றுகள் அடங்கவில்லை. ஐஇசி 61000-4-7 முறையில் 50 ஹெர்ட்ஸுக்கு 10 சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 12 சுற்று, இரண்டுமே 200 மில்லி செகண்ட். கோடுகளுக்கு இடையே 5 ஹெர்ட்ஸ். சப்ளை 49.9 ஹெர்ட்ஸில் இருந்தால் அந்த 200 மில்லி செகண்டில் 9.98 சுற்றுதான் இருக்கும், ஒழுகத் தொடங்கிவிடும். பவர் அனலைசர் சப்ளையோடு ஒத்திசைந்து இதைத் தானே சரிசெய்துகொள்ளும். சாதாரண ஸ்கோப்பில் ஹானிங் விண்டோ (துண்டின் ஓரங்களை மெல்லக் குறைக்கும் அமைப்பு) போடுங்கள், உயரம் துல்லியமாக வேண்டுமானால் ஃபிளாட் டாப். செவ்வக விண்டோவை ஒத்திசைவு இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

பரவாமல் தனியாக ஒரு கோடு, அதுவும் விளக்கம் சொல்ல முடியாத இடத்தில் நின்றால் அது ஏலியாஸாக (சாம்பிள் வேகம் போதாததால் வேறு இடத்தில் தோன்றும் போலிக் கோடாக) இருக்கலாம். ஸ்கோப்பின் நினைவகம் 10,000 புள்ளிகள் என்று கொள்வோம். 200 மில்லி செகண்டுக்கு எடுத்தால் செகண்டுக்கு 50,000 சாம்பிள். பிஎஃப்சி (பவர் ஃபேக்டர் திருத்தும்) சர்க்யூட் 48 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்தால் அது மடங்கி 2 கிலோஹெர்ட்ஸில் வந்து, அச்சு அசலாக 40ஆவது ஹார்மோனிக் போல உட்கார்ந்துவிடும். நேர அளவை மாற்றி சாம்பிள் வேகத்தை மாற்றுங்கள். உண்மையான ஹார்மோனிக் அசையாது, ஏலியாஸ் இடம் மாறும். ஹை ரெசல்யூஷன் முறை இருந்தால் அது ஓரளவு வடிகட்டும். பீக் டிடெக்ட் முறையில் எஃப்எஃப்டி எடுப்பது வீண் வேலை.

டெசிபலில் தெரியும் உயரத்தை அடிப்படை அலையோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்: 14 டெசிபல் கீழே என்றால் 20%, 20 டெசிபல் கீழே என்றால் 10%. எட்டு பிட் ஸ்கோப்பில் 256 படிகள்தான். அலை திரையின் கால் பங்கில் அடங்கியிருந்தால் 64 படிகள். அதை வைத்து அரை சதவீத ஹார்மோனிக் பற்றி வாதம் செய்ய முடியாது.

## இரட்டைப்படை ஹார்மோனிக் தெரிகிறது

நேர் பாதியும் எதிர்ப் பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்தால் 2, 4, 6 எதுவும் வராது. 2 வந்துவிட்டால் சமச்சீர் உடைந்திருக்கிறது: ஓப்பனான டையோடு, அல்லது இரு பாதிகளிலும் வெவ்வேறு கோணத்தில் ஃபயர் ஆகும் தைரிஸ்டர். ஆனால் காந்தமாகிப்போன கிளாம்பும் இதையே காட்டும். கிளாம்பைத் திருப்பிப் போடுங்கள். பெரிதாக இருந்த பாதி மேலிருந்து கீழே மாறினால் சர்க்யூட்டில் கோளாறு. திருப்பிய பிறகும் பெரிய பாதி மேலேயே இருந்தால் கிளாம்பில் கோளாறு, டீகாஸ் செய்யுங்கள், அதாவது காந்தத்தை நீக்குங்கள்.

நியூட்ரல் இல்லாத மூன்று ஃபேஸ் பிரிட்ஜில் 3ஆவது ஹார்மோனிக் வந்தால் ஃபேஸ் வோல்ட்டேஜ்களின் ஏற்றத்தாழ்வைப் பாருங்கள். கெப்பாசிட்டர் உள்ள பிரிட்ஜில் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசமும் கரண்டில் பெரிதாகத் தெரியும். நியூட்ரல் உள்ள அமைப்பில் நியூட்ரல் சுட்டால் அதன் அலைவெண்ணைப் பார்த்தால் போதும்: 50 என்றால் லோடு சமமில்லை, 150 என்றால் மூன்று ஃபேஸின் 3ஆவது ஹார்மோனிக்ஸும் அங்கே கூடுகின்றன. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவரை நியூட்ரல் கரண்ட் ஃபேஸ் கரண்டின் 1.73 மடங்கு வரை போகும்.

## பவர் ஃபேக்டர் ஒரு மீட்டரில் 0.98, இன்னொன்றில் 0.65

முதலாவது அடிப்படை அலைகளின் கோணத்தை மட்டும் பார்க்கிறது, இரண்டாவது வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுக்கிறது. கோணத்தின் கொசைனை, 1உடன் டிஎச்டியின் வர்க்கத்தைக் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால் இரண்டாவது வர வேண்டும். டிஎச்டியை அடிப்படை அலையால் வகுத்ததாக, பின்னமாக எடுத்துக்கொள்ளுங்கள். 113% டிஎச்டிக்கு 0.98ஐ 1.51ஆல் வகுத்தால் 0.65. பொருந்திவிட்டால் இரண்டு மீட்டரும் நல்ல மீட்டர்கள். பொருந்தாவிட்டால் கிளாம்பின் கோணப் பிழையைப் பாருங்கள். தைரிஸ்டர் 60 டிகிரியில் ஓடும்போது கிளாம்பில் 1 டிகிரி பிழை பவரில் 3% பிழையாகும். கோணம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது அதே 1 டிகிரி வெளியில் தெரியாது.

## மேசையில் பாஸ், இடத்தில் ஃபெயில்

மேசையில் வேரியாக்கும் (வோல்ட்டேஜை மாற்றிக்கொள்ளும் டிரான்ஸ்ஃபார்மர்) ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வழியில் இருந்திருக்கும். அவற்றின் இண்டக்டன்ஸ் துடிப்பை அகலப்படுத்தி டிஎச்டியைக் குறைத்துக் காட்டும். வலுவான சப்ளையில் போட்டதும் துடிப்பு கூர்மையாகும், ஹார்மோனிக்ஸ் ஏறும். தரச் சோதனைக்குச் சப்ளையின் சுத்தத்துக்கே ஐஇசி 61000-3-2 வரம்பு வைத்திருப்பது இதனால்தான்: 3ஆவது ஹார்மோனிக் 0.9%, 5ஆவது 0.4%-க்குள்.

இடத்தில் அளக்கும்போது எவ்வளவு சிதைவு உங்கள் கருவியுடையது, எவ்வளவு சப்ளையில் ஏற்கெனவே இருந்தது என்ற கேள்வி வரும். அதே லைனில் ஒரு ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு அதன் கரண்ட் டிஎச்டியை எடுங்கள். ரெசிஸ்டர் என்பதால் அது வோல்ட்டேஜின் டிஎச்டியேதான். ரெக்டிஃபையரை நிறுத்தியும் ஓட்டியும் இரண்டு முறை எடுத்தால் கணக்கு தெளிவாகும்.

ரெக்டிஃபையர் நிற்கும்போது சுத்தமாக இருந்து, ஓடும்போது வோல்ட்டேஜில் 5ஆவதோ 7ஆவதோ கரண்டுக்குப் பொருந்தாத அளவு எகிறினால், அருகில் பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். சப்ளையின் ஷார்ட் சர்க்யூட் திறனை கெப்பாசிட்டரின் திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எந்த ஹார்மோனிக்கில் ரெசனன்ஸ் வரும் என்று தெரியும். 25 மடங்கு என்றால் சரியாக 5இல். கெப்பாசிட்டரைத் தற்காலிகமாகப் பிரித்து, டிஸ்சார்ஜ் ஆனதை உறுதிசெய்துகொண்டு, மறுபடி அளந்து பாருங்கள். 5ஆவது சட்டென்று இறங்கினால் ரெக்டிஃபையரைத் தொட வேண்டியதில்லை. கெப்பாசிட்டரோடு தொடராக 7% டீட்யூனிங் சோக் போட்டால் அந்தக் கிளையின் ரெசனன்ஸ் 189 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கி, 5ஆவதிலிருந்து விலகிவிடும். சோக் சேர்ந்தால் கெப்பாசிட்டரின் மேல் வோல்ட்டேஜ் ஏறும் என்பதால், அதன் வோல்ட்டேஜ் மதிப்பு போதுமா என்று மட்டும் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.